லாபம் இருந்தும் கடை தடுமாறுவது ஏன்?

இறக்குமதி வணிகத்தில் இறங்குவோர் முதலில் கேட்பது, "லாபம் எவ்வளவு கிடைக்கும்?" என்பதே. "அந்தப் பணம் எப்போது கைக்கு வரும்?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் கடையைக் காப்பதும் கவிழ்ப்பதும் இந்த இரண்டாவது கேள்விதான்.

கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரி தீபாவளிக்காகச் சென்னையிலிருந்து சேலைகள் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் விலை 20,000 அமெரிக்க டாலர். விலை பேசிய நாளில் ஒரு டாலர் 4 வெள்ளி 20 காசு. ஆக 84,000 வெள்ளி. எல்லாச் செலவும் போக 8,000 வெள்ளி மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

கப்பலேற்றும் முன்பே முழுப் பணத்தையும் கட்டுகிறார். சரக்கு கிள்ளான் துறைமுகம் வந்து, சுங்கத்துறை வேலைகள் முடிந்து, கிடங்கு சேர 20 நாள். விற்றுத் தீர 30 நாள். வாங்கும் சில்லறைக் கடைகளுக்கு 60 நாள் கடன். போட்ட பணம் திரும்பி வர 110 நாள் ஆகிறது. அதுவரை வாடகையும் சம்பளமும் காத்திருக்குமா? கணக்கேட்டில் லாபம் இருக்கிறது. கல்லாவில் காசு இல்லை. இந்த நேரத்தில்தான் வீட்டு நகை அடகுக்குப் போகிறது. சிலர் வட்டி முதலைகளிடம் சிக்குகிறார்கள். விற்பனை இரு மடங்கானால் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. அப்போது முடங்கும் பணமும் இரு மடங்காகும்.

அடுத்தது நாணய மாற்று விகிதம். பணம் கட்டும் நாளில் டாலர் 4 வெள்ளி 40 காசானால், அதே சரக்குக்கு 88,000 வெள்ளி. எதிர்பார்த்த லாபத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை டாலரின் மதிப்பு 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தப்பட்டிருந்ததால் இந்தக் கவலை இல்லை. பின்னர் நிலைமை மாறியது. 2024 பிப்ரவரியில் 4.80-ஐ நெருங்கிய டாலர், அதே ஆண்டு செப்டம்பரில் 4.12 அளவுக்கு இறங்கியது.

இவற்றைச் சமாளிக்க வங்கிகளில் வழி உண்டு. வருங்காலத்தில் தேவைப்படும் டாலருக்கு இன்றே விலையை உறுதி செய்துகொள்வது முன்னொப்பந்தம். விலை இறங்கினாலும் பேசிய விலையையே கட்ட வேண்டும். ஆனால் கணக்கு கவிழாது. இன்னொன்று 'எல்.சி.' எனப்படும் வங்கி உறுதிக் கடிதம். கப்பலேற்றியதற்கான பத்திரங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி உறுதி கூறுகிறது. 90 நாள் தவணையில் இதைப் பெற்றால், பணம் முடங்கும் காலம் வெகுவாகக் குறையும். ஒன்றை மறக்கக்கூடாது: வங்கி பத்திரங்களைத்தான் பார்க்கும், பெட்டியைத் திறந்து சேலையைப் பார்க்காது. எனவே தரச் சோதனைச் சான்றிதழையும் அந்தப் பத்திரங்களில் ஒன்றாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு செய்ய வேண்டியது எளிது. அடுத்த 16 வாரங்களுக்கு, வாரவாரம் வரும் பணம், போகும் பணம் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். எந்த வாரத்தில் கை காலியாகும் என்பது அதில் தெரிந்துவிடும். அந்த வாரம் வருவதற்கு முன்பே வங்கிக்குப் போகும் வியாபாரியால்தான் நிதானமாகப் பேரம் பேச முடியும்.