நூல் என்றால் முதலில் இழையா, புத்தகமா?

சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டியில் கடைத்தெருப் பக்கம் போனால் 'டெக்ஸ்டைல்ஸ்' என்று எழுதிய பலகைகளைப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தை 'டெக்ஸ்ட் புக்' என்கிறோம். டெக்ஸ்டைல், டெக்ஸ்ட் இரண்டும் 'நெய்' என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்தவை. தமிழிலும் இந்த உறவு உண்டு. தறியில் ஓடுவதும் நூல், நீங்கள் படிப்பதும் நூல்.

இவற்றில் எந்தப் பொருள் மூத்தது? அதைக் கண்டுபிடிக்க மொழியியலில் ஒரு வழி இருக்கிறது. ஒரு சொல்லின் வயதை அறிய, அதன் உறவு மொழிகளை விசாரிக்க வேண்டும். அதற்கு நீங்கள் தொலைதூரம் போக வேண்டாம். தெலுங்கோ கன்னடமோ பேசும் நெசவுக் குடும்பம் ஒன்றில் கேட்டுப் பாருங்கள். தெலுங்கில் 'நூலு', கன்னடத்திலும் 'நூலு', மலையாளத்தில் 'நூல்'. எல்லாமே இழைதான். தெலுங்குக்காரர் புத்தகத்தை 'நூலு' என்று சொல்வதில்லை. அப்படியென்றால் இந்த மொழிகள் பிரிவதற்கு முன்பே இருந்தது இழை என்ற பொருள். புத்தகம் என்பது பிறகு தமிழ் அதன்மேல் ஏற்றிய பொருள். பர்ரோ, எமனோ என்ற இரண்டு அறிஞர்கள் இப்படிப்பட்ட உறவுச் சொற்களை ஆயிரக்கணக்கில் தேடித் தொகுத்து, 1961இல் திராவிட வேர்ச்சொல் அகராதியாக வெளியிட்டார்கள்.

புத்தகத்துக்கு ஏன் இழையின் பெயர்? 13ஆம் நூற்றாண்டில் 'நன்னூல்' எழுதிய பவணந்தி முனிவர் அதற்கு ஒரு விளக்கம் தருகிறார். சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவர்தான் நூற்கும் பெண், அவர் வாய்தான் கை, அறிவுதான் கதிர். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்துக் காந்திகிராமத்துக்காரர்கள் யாரையாவது கேளுங்கள். ராட்டையில் சுழலும் கூரான இரும்புக் கம்பிக்குக் கதிர் என்றுதான் பெயர். பஞ்சை ஒரு கை இழுக்க, கதிர் சுழன்று முறுக்கேற்றும். முறுக்கு ஏறாத பஞ்சு இழுத்ததும் பிய்ந்துவிடும். ஏறிய பிறகு அது தறியின் இழுவையையும் தாங்கும். சிதறிக் கிடக்கும் சொற்களுக்கு அறிவு தருவதும் அந்த முறுக்கைத்தான் என்று பவணந்தியின் உவமையை விரித்துக்கொள்ளலாம். நூற்பதைக் கிட்ட நின்று பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

அதோடு நிற்கவில்லை. அதே நன்னூல் இன்னொரு காரணமும் சொல்கிறது: மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டிக் கொடுப்பதுபோல, மனத்தின் கோணலைப் போக்குவதும் நூல். நூலைப் போலவே 'பனுவல்' என்ற சொல்லையும் பாருங்கள். திருக்குறளின் 21ஆவது குறளில் அது நூல், அதாவது புத்தகம். புறநானூற்றின் 125ஆவது பாட்டிலோ அது வெறும் பஞ்சு! நெருப்பில் வாட்டிய கொழுத்த இறைச்சிக்கு உவமையாக அங்கே வருகிறது.

ஆனால் கவனம். ஒலி ஒன்றாக இருந்தால் சொல்லும் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது. பரந்து செல்லும் ஓசையே 'பா' என்று தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர் சொல்கிறார். தறிக்காரர்கள் நீளவாட்டில் பரப்பும் இழைகளுக்குப் 'பாவு' என்று பெயர். பொருத்தம் அழகாகத்தான் இருக்கிறது. அழகு மட்டும் சாட்சியாகாது. எடுத்துக்காட்டாக, நெய்தல் என்று ஒரு பூ இருக்கிறது. கடற்கரை நிலத்துக்கு அந்தப் பூவின் பெயர்தான். அதற்கும் துணி நெய்தலுக்கும் உறவு கிடையாது. நெய்கிற வினைக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் உறவுச் சொற்கள் உண்டு. அவற்றில் பூ எதுவும் இல்லை.

உங்கள் தெருவில் தறி ஓடினால், இந்த வாரமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பாவு, ஊடை, நாடா, தார், அச்சு என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டச் சொல்லிப் பெயரை எழுதுங்கள். வீட்டில் வேறு மொழி பேசுபவராக இருந்தால் அந்தப் பெயரையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கைத்தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இந்தச் சொற்களைச் சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.