யாழேந்திய தலைவி

இடைக்கால ஐரோப்பியக் காதற்கதைகளில் தலைவி பெரும்பாலும் மேடைமீது அமர்ந்திருப்பாள். வீரர்கள் களத்தில் பொருதுவர். திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியிலோ தலைவியே களத்தில் இறங்குகிறாள்.

காந்தருவதத்தை வித்தியாதர வேந்தன் மகள். யாழிசையில் தன்னை வெல்பவனுக்கே அவள் மாலையிடுவாள் என்று இராசமாபுரத்தில் அறிவிக்கப்பட்டது. அரசர் பலர் தோற்றனர்; சீவகன் வென்றான். செல்வமும் தோள்வலியும் அவ்வரங்கில் பயன்படவில்லை, கலையறிவே பயன்பட்டது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இப்போட்டிக்கு வழிவகுத்தவன் அவள் தந்தை. தோற்ற ஆடவன் வீடு திரும்பலாம். அவள் தோற்றாலோ வென்றவனுக்கு உரியவள். வென்ற சீவகனோ பின்னர் மேலும் எழுவரை மணந்தான்.

மணத்தோடு அவள் ஆற்றல் ஒடுங்கிற்றா? இல்லை. சீவகன் ஊர் நீங்கியபின், அவன் இருக்குமிடத்தைத் தன் வித்தையால் அறிந்து, தம்பி நந்தட்டனை அங்கே அனுப்பியவள் தத்தையே.

இக்காப்பியத்தை உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். அவர் கருத்தை இதன்பால் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார். அவர் பெயரோடு இணைந்த சேலத்துக்கு அண்மையில், ஆத்தூரில் பயிலும் நீங்கள் இதனைக் கற்கும்போது, வென்றவர் யார் என்பதோடு அமையாது, போட்டியின் விதியை வகுத்தவர் யார் என்றும் வினவுங்கள்.