மெனுவில் நம் தமிழ் அடங்குமா?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரருக்கு ஸ்ரீரங்கம் பஸ் எங்கே, சமயபுரம் பஸ் எங்கே, லால்குடி பஸ் எங்கே நிற்கும் என்பதுதான் முதல் கேள்வி. பலகை சட்டென்று கண்ணில் பட்டால் பஸ் ஏறிவிடுவார், இல்லாவிட்டால் ஆட்டோதான். வெப்சைட்டில் அந்தப் பலகையின் வேலையைச் செய்வது மேலே இருக்கும் மெனு. அங்கே வழி தெரியாதவர் பக்கத்துக் கடையின் வெப்சைட்டுக்குப் போய்விடுவார்.

பெரிய கடை வீதியில் கடை வைத்திருந்தாலும் சரி, வீட்டிலிருந்தே புடவை விற்றாலும் சரி, வெப்சைட் செய்து தருபவர் நாலைந்து ரெடிமேட் மெனுக்களைக் காட்டி, "எது வேணும்? கலர், எழுத்து எல்லாம் மாத்திக்கலாம்" என்பார். அந்த மாதிரிகளில் ‘ஹோம்’, ‘அபவுட்’ என்று குட்டிக் குட்டி ஆங்கிலச் சொற்கள் அழகாக உட்கார்ந்திருக்கும். அதே இடத்தில் ‘எங்களைப் பற்றி’, ‘பட்டுப் புடவைகள்’, ‘தொடர்புக்கு’ என்று போட்டால்தான் சங்கதி தெரியும். ஒரு வரி இரண்டு வரியாகும். பட்டையின் உயரம் மாறாதபடி கட்டப்பட்டிருந்தால், ‘கீ’யின் சுழி மேலேயும் ‘பூ’வின் வால் கீழேயும் வெட்டுப்படும். நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் சொற்களையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பலரும் பயன்படுத்துகிற இலவசத் தொகுப்பு பூட்ஸ்டிராப். அதில் பெரும்பாலும் எடுக்கும் அமைப்பில், திரை அகலம் 992 பிக்சலுக்குக் கீழே போனால் மெனு மூன்று கோடுகளுக்குள் மடங்கிக்கொள்ளும். நீளமான தமிழ்ச் சொற்களுக்கு அதற்கு முன்பே நெருக்கடி வந்துவிடும். அந்த எல்லையை 1200 பிக்சலுக்கு உயர்த்துவது ஒரு சொல்லை மாற்றுகிற வேலைதான். ‘முடியாது சார்’ என்றால் நம்பாதீர்கள்.

அந்த மூன்று கோடுகளை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்’ கணினிக்காக வரைந்தவர் நார்ம் காக்ஸ். அது வெளிவந்தது 1981-ல். இத்தனை வருடமாகியும் அது மெனு என்று தெரியாத பெரியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கோடுகளுக்குப் பக்கத்தில் ‘மெனு’ என்று எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்? நாலே நாலு பக்கம் உள்ள கடைக்கு ஒளித்து வைப்பதே தேவையில்லை என்பது என் கட்சி.

மவுஸை மேலே கொண்டுபோனால் விரியும் உள்மெனு கம்ப்யூட்டரில் ஜோராக இருக்கும். செல்போனில் மவுஸ் ஏது? ‘புடவைகள்’ என்பதைத் தொட்டதும் நேராக ஏதோ ஒரு பக்கத்துக்குப் போய்விட்டால், அதற்கடியில் காட்டன், பட்டு என்று பிரித்து வைத்தது வாடிக்கையாளர் கண்ணிலேயே படாது. வாங்குவதற்கு முன் உங்கள் போனில், கட்டைவிரலால் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, மாற்றுகிற உரிமை யாருக்கு என்பது. வேர்டுபிரஸ்ஸில் 2010-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே, உரிமையாளரே மெனுவில் ஒன்றைச் சேர்க்கலாம், வரிசையை மாற்றலாம். ‘ஆடித் தள்ளுபடி’ என்று ஒரு வரி சேர்க்க ஒவ்வொரு முறையும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தால், கலர் மாற்றும் வசதி இருந்து என்ன பயன்? காசு கொடுத்து வாங்கும் மெனு என்றால் வருடாவருடம் கட்டணம் உண்டா, லைசென்ஸ் உங்கள் பெயரில் வாங்கினாரா, தன் பெயரிலா என்பதையும் முன்பணம் தருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.