மலைவீட்டுக் கணிப்பொறியும் ஒரு சாவியும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? சேர்வராயன் மலையேறும் அப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பனி மூடிய காலையில் ஒரு வளைவில் நின்று பாருங்கள். கடந்து வந்த சிறு துண்டும், அடுத்து ஏறவேண்டிய சிறு துண்டும்தாம் தெரியும். புறப்பட்ட இடமும் தெரியாது, சேருமிடமும் தெரியாது.

'டார்' என்னும் இணைய வலையமைப்பு இவ்வாறே இயங்குகிறது. 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருத்து இது. 2002இல் மென்பொருளாக வெளிவந்தது. வழக்கமாக உங்கள் செய்தி மூன்று இடைநிலைக் கணிப்பொறிகளைக் கடந்து செல்லும். செய்தியைச் சுற்றி வெங்காயத் தோல்போல் மூன்று அடுக்கு மறையாக்கம் இருக்கும். ஒவ்வொரு நிலையமும் ஓர் அடுக்கை உரிக்கும். தனக்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் மட்டுமே அதற்குத் தெரியும்.

மறைந்து திரிபவருக்குத்தானே இது, நமக்கெதற்கு என்பீர்கள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட வீட்டில் மழைமானி ஒன்றைச் சிறு கணிப்பொறியுடன் இணைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் அளவுகளைச் சேலத்து விடுதியில் இருந்தபடி பார்க்க வேண்டும். கைபேசி நிறுவனத்தின் இணைப்பிலோ பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வழியில்லை. டாரில் உங்கள் கணிப்பொறியே வெளியே சென்று இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு காத்திருக்கும். 56 எழுத்துக்கள் கொண்ட ஒரு முகவரி கிடைக்கும். அதை அறிந்தவர் வரலாம். வீடு எங்கே என்பது வந்தவருக்கும் தெரியாது.

இனித்தான் பலரும் தடுமாறும் இடம். சில சர்வர் நிரல்கள் தமக்கு வேண்டிய முகவரியை டாரிடம் தாமே கேட்டு வாங்குகின்றன. பிட்காயின் கோர் அத்தகையது. கேட்பவர் உரியவர்தாமா என்று டார் எவ்வாறு அறியும்? தொடங்கும்போதெல்லாம் 32 பைட் நீளமுள்ள ஒரு புதிய இரகசியத்தை, 'குக்கி' என்ற பெயரில், ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. அதைப் படிக்க முடிந்தவரே உரியவர்.

யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர், குழு, மற்றவர் என மூன்று நிலை உரிமைகள் உண்டு. டெபியன் இயக்கமுறைமையில் குக்கியைப் படிக்க 'டெபியன்-டார்' என்னும் குழுவுக்கு உரிமை உண்டு, மற்றவருக்கு இல்லை. உங்கள் நிரல் வேறொரு பயனர் பெயரில் ஓடுவதால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றுவிடும்.

பொறுமையிழந்தவர்கள் உடனே கோப்பை எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். அன்று மாலை எல்லாம் ஓடும். இரவு மழையில் மின்சாரம் போய் வந்தால், டார் புதிய குக்கியைப் பழைய உரிமைகளோடு எழுதிவிடும். மறுநாள் காலையில் அதே பிழை! இன்னும் சிலர் நிரலையே 'ரூட்' என்ற தலைமைப் பயனராக ஓடவிடுகிறார்கள். எலி பிடிக்க வீட்டையே திறந்துபோட்ட கதை இது.

செய்ய வேண்டியது ஒன்றே: நிரலின் பயனரை அந்தக் குழுவில் சேர்ப்பது. இதற்கான 'யூசர்மாட்' கட்டளையில் பெரிய 'ஜி'யுடன் சிறிய 'ஏ'யையும் மறவாமல் இடுங்கள். விட்டுவிட்டால், அப்பயனர் முன்பு சேர்ந்திருந்த மற்றக் கூடுதல் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார். பிறகு நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். குழு உறுப்பினர் பட்டியலை நிரல் தொடங்கும்போதுதான் பெறுகிறது. ஓடிக்கொண்டிருப்பதற்குப் புதிய உரிமை தெரியாது. இதை அறியாமல் பலர் மணிக்கணக்கில் தேடுவதுண்டு.

ஆனால் அந்தக் குக்கி சாதாரணச் சாவி அன்று. அது உள்ள நிரல், உங்கள் உண்மையான இணைய முகவரி என்னவென்று டாரிடமே கேட்கலாம், அமைப்புகளையும் மாற்றலாம். 'டெய்ல்ஸ்' இயக்கமுறைமையில் இடையே ஒரு வடிகட்டி வைத்து, அனுமதித்த கட்டளைகளை மட்டுமே விடுவது இதனால்தான். ஆகவே முதலில், உங்கள் நிரலுக்கு இந்த உரிமை தேவைதானா என்று பாருங்கள். வெளியே செல்ல மட்டுமே டார் வேண்டுமானால் 9050 என்ற வாயில் போதும். அதற்குக் குக்கி வேண்டாம். மழைமானிக்கும் வேண்டாம். டாரின் அமைப்புக் கோப்பில் நீங்களே இரண்டு வரிகள் எழுதினால், முகவரியை டாரே உருவாக்கிக்கொள்ளும். மழைமானி நிரலுக்கு டார் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டியதில்லை.