மறைவிடக் கட்டியை மறைக்கலாமா?

குழாயடியில் பெண்கள் பல் வலியைப் பற்றிப் பேசுவார்கள். இடுப்பு வலியைப் பற்றிப் பேசுவார்கள். பெண் உறுப்பின் ஓரத்தில் ஒரு கட்டி வந்தால் மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். "வலிதான் இல்லையே, தானாக வற்றிவிடும்" என்று வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது சாதாரணக் கட்டிதான். உறுப்பின் வாயிலில் இரு பக்கமும் பார்த்தோலின் என்ற சுரப்பிகள் உண்டு. அவற்றின் வழி அடைத்தால் நீர் கோத்து வீங்கும். சிறு சிகிச்சை போதும். கொழுப்புக் கட்டியும் குடலிறக்கமும் அங்கே வீக்கமாகத் தெரிவது உண்டு.

ஆனால், அபூர்வமாக வேறு ஒரு கட்டியும் வருகிறது.

மேலே கொஞ்சம், உள்ளே அதிகம்

1983-ல் ஸ்டீப்பர், ரோசாய் என்ற இரு டாக்டர்கள் இதைத் தனி நோயாக எழுதி வைத்தார்கள். பெயர், 'அக்ரஸிவ் ஆஞ்சியோமிக்ஸோமா'. ரத்தக் குழாய்கள் ஓடும் வழுவழுப்பான சதைக் கட்டி இது. மாதவிலக்கு நிற்காத வயதில்தான் அதிகம் வரும். மெல்ல வளரும். வெளியே எலுமிச்சம்பழ அளவு தெரியும்போதே, உள்ளே இடுப்புக் குழிவரை பரவியிருக்கலாம்.

நீர்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் நீர் வராது. வெளியே தெரிவதை மட்டும் வெட்டினால், மிச்சம் இருப்பது மறுபடியும் வளரும்.

கத்திக்கு முன் ஸ்கேன்

ஆகவே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து ஆழத்தைப் பார்த்த பிறகே ஆபரேஷன் செய்வது நல்லது. சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவசியம். இதைப்போலவே தோன்றும் இன்னொரு கட்டியை 1992-ல் பிரித்துக் காட்டினார்கள். அதை எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. எது எந்தக் கட்டி, அது புற்றா இல்லையா என்பதை மைக்ராஸ்கோப்தான் சொல்லும்.

ஆஞ்சியோமிக்ஸோமா மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். ஆனால் அதே இடத்தில், பல வருடம் கழித்தும் திரும்ப வரும். பெண்மைச் சுரப்பு நீரால் வளரும் கட்டி என்பதால், அந்தச் சுரப்பை அடக்கும் ஊசியும் சிலருக்குப் போடுகிறார்கள்.

பயம் வேண்டாம்

மும்பையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் முதலில் டிஸ்பென்சரியில் காட்டுங்கள். லேடி டாக்டர் வேண்டும் என்று கேட்கக் கூச்சம் வேண்டாம். பாஷை தெரியாவிட்டால், தெரிந்த பெண் ஒருவரை அழைத்துப் போகலாம். பரேலில் 1941 முதல் நடக்கும் டாடா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினால், உயிர் போய்விட்டது என்று வீட்டில் அழ வேண்டாம். அபூர்வக் கட்டிகளைப் பார்த்துப் பழகிய இடம் என்பதால்தான் அனுப்புகிறார்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் பலர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். போகும்போது ஸ்கேன் படத்தையும், சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் ரேஷன் கார்டுபோல் பத்திரமாக எடுத்துச் செல்லுங்கள். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் வீங்கினால், ஊர் டாக்டருக்கு அந்தக் காகிதம்தான் வழி காட்டும்.

கணவன்மார்களும் இதைப் படிக்க வேண்டும். அவள் வாய் திறந்து சொன்னால், "லீவு போட்டு வருகிறேன், வா" என்று சொல்லுங்கள்.