பால்ஸ் சீலிங் போடப் போறீங்களா? முதல்ல கூரையைப் பாருங்க!

சென்னை:

நகைக்கடை, பேங்க், கல்யாண மண்டபம் என்று பார்த்துப் பழகிய பால்ஸ் சீலிங், இப்போது 10-க்கு 12 அறை உள்ள சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. மொட்டை மாடிக்கு கீழே குடியிருப்பவர்கள் வெயிலுக்குப் பயந்து போடுகிறார்கள். ஷீட் வீட்டுக்காரர்கள் ஷீட் வெளியே தெரியக் கூடாது என்று போடுகிறார்கள்.

டிசைன் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்று கை காட்டுபவர்கள்தான் அதிகம். எதைப் போடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியது ஆல்பம் அல்ல. தலைக்கு மேலே இருக்கும் கூரை!

ஒழுகினால் அம்பேல்

அதிகம் பேர் கேட்பது ஜிப்சம் போர்டு. 6 அடிக்கு 4 அடி பலகை, கனம் 12.5 மில்லி மீட்டர். 10-க்கு 12 அறைக்கு 5 பலகை தேவை. பலகையின் எடை மட்டுமே கிட்டத்தட்ட 100 கிலோ வந்துவிடும். அவ்வளவும் தூங்குகிறவர்கள் தலைக்கு மேலேதான் தொங்குகிறது.

காய்ந்து இருக்கும் வரை பிரச்சினை இல்லை. தண்ணீர் இறங்கினால் பழுப்புக் கறை விழும், பலகை ஊறித் தொய்யும், பிறகு பெயர்ந்து விழும். பச்சை நிற போர்டு போட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்பார்கள். அது பாத்ரூம் ஈரப்பதத்தைத் தாங்கும். ஒழுகலைத் தாங்காது.

பழைய அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்வதை சீலிங் மறைத்துவிடும். விரிசல் யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் கான்கிரீட் துண்டு போர்டையும் சேர்த்துக்கொண்டு கீழே வரும். எனவே முதலில் மாடியில் வாட்டர் புரூபிங், கூரையில் பூச்சு வேலை. ஒரு மழைக்காலம் ஒழுகாமல் தாண்டிய பிறகு சீலிங்கை யோசிக்கலாம்.

கூரை மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு 2-க்கு 2 அடி டைல்ஸ் வைக்கும் கிரிட் சீலிங்தான் நல்லது. ஆபீஸ் மாதிரி இருக்கிறது என்று வீட்டம்மா முகம் சுளிக்கலாம். ஆனால் எந்த இடத்திலும் ஒரு டைல்ஸைத் தூக்கி மேலே எட்டிப் பார்க்கலாம். கறை பிடித்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

தெர்மாகோல் வேண்டவே வேண்டாம்

விலை குறைவு என்று ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டுவது ரொம்ப காலமாக நடக்கிறது. சுமார் 100 டிகிரி வெப்பத்திலேயே இளகும் பொருள் அது. ஒயரில் ஒரு பொறி பறந்தால் போதும். தீப்பிடித்து சொட்டுச் சொட்டாகக் கீழே விழும், கரும்புகை அறையை மூடும்.

ஜிப்சம் இதற்கு நேர் எதிர். அதன் எடையில் 5-ல் ஒரு பங்கு உள்ளே கலந்திருக்கும் தண்ணீர். தீ பட்டால் அது ஆவியாகி வெளியேறும். அதுவரை நெருப்பு மெதுவாகத்தான் பரவும்.

பி.வி.சி. பலகைக்கு தண்ணீர் பயம் இல்லை, எடையும் குறைவு. பாத்ரூமுக்கு சரி. அடுப்புக்கு நேர் மேலே கூடாது. சூட்டில் வளையும், எரிந்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை வரும்.

ஷீட் வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸில் துளை போட்டு சீலிங்கைத் தொங்க விடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஷீட்டும் எடை தாங்காது. இரும்பு பைப்பில் இருந்தோ, சுவருக்கு சுவர் பிரேம் அடித்தோதான் மாட்ட வேண்டும். அங்கே கால்சியம் சிலிகேட் டைல்ஸ் பொருந்தும். தீப்பிடிக்காது, ஈரத்தையும் ஓரளவு தாங்கும்.

சூடு குறையுமா?

கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரி அதைக் கக்கும். வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளை பெயிண்டை மாடியில் அடிப்பது இதற்கு முந்தின வேலை, செலவும் குறைவு.

உயரத்தையும் டேப் வைத்து அளக்க வேண்டும். தங்கும் அறைக்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி உயரம் வேண்டும் என்கிறது தேசிய கட்டிட விதி. ஏ.சி. அறைக்கு 2.4 மீட்டர். கூரையே 9 அடியில் இருக்கிறவர்கள் அறை முழுக்க இறக்காமல் ஓரத்தில் மட்டும் போடலாம்.

பேன் கொக்கி கான்கிரீட்டில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. ஒரு மூலையில் திறந்து மூடும் கதவும் கேட்டு வாங்க வேண்டும். சீலிங்குக்கு மேலே எலி குடித்தனம் வந்து ஒயரைக் கடித்தால், கதவு இல்லாத வீட்டில் போர்டை உடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ரேட் பேசும்போது, சதுர அடி கணக்கில் சேனல், லைட் துளை, பட்டி, பெயிண்ட் எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்குவது நல்லது. ஓரத்து டிசைனை தனியாக அடிக்கணக்கில் போட்டு, கடைசி நாளில் பில்லை நீட்டுபவர்கள் இருக்கிறார்கள்.