சிசேரியனுக்குப் பின் தாய்ப்பால் தாமதமாவது ஏன்? முதல் மூன்று நாட்களில் செய்ய வேண்டியவை

புதுதில்லி: அறுவை சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற தாய்மார்கள் பலர், முதல் இரண்டு மூன்று நாட்களில் பால் சுரக்கவில்லை என்று கவலை கொள்கின்றனர். குழந்தை அழத் தொடங்கியதும் குடும்பத்தினர் பதற்றமடைந்து பால் பவுடரை நாடுகின்றனர். ஆனால் இத்தாய்மார்களில் பெரும்பாலோருக்குப் பால் இல்லாமல் போவதில்லை. பெருகுவதற்குச் சற்றுத் தாமதமாகிறது. இந்த வேறுபாட்டை அறிந்து முதல் மூன்று நாட்களைக் கையாள்வதே தாய்ப்பால் நிலைபெறுவதற்கான அடிப்படையாகும்.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), நாட்டில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடைபெறுகின்றன. ஆயினும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் 41.8 சதவீதத்தினர் மட்டுமே. அதே ஆய்வில் சிசேரியன் பிரசவங்கள் 21.5 சதவீதமாகவும், தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதமாகவும் பதிவாகியுள்ளன.

தாமதத்திற்குக் காரணம் என்ன?

கர்ப்ப காலத்திலேயே மார்பகங்களில் சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறியதும், தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவு வேகமாகக் குறைகிறது. பால் பெருகுவதற்கு அதுவே தூண்டுதலாகும். சுகப்பிரசவமாயினும் சிசேரியனாயினும் இந்த மாற்றம் நிகழ்கிறது. எனவே, அறுவை சிகிச்சை பால் சுரப்பையே தடுத்துவிடும் என்ற எண்ணம் சரியன்று.

பொதுவாக இரண்டு முதல் மூன்று நாட்களுக்குள் மார்பகம் கனத்துப் பால் பெருகும். 72 மணி நேரத்தைக் கடந்தும் அவ்வாறு நிகழாவிடில், அதனைத் தாமதமாக மருத்துவர்கள் கருதுகின்றனர். காயத்தின் வலி, முதல் பாலூட்டல் தள்ளிப்போதல், தாயும் சேயும் தனித்தனியே வைக்கப்படுதல், நீண்ட பிரசவ வலிக்குப் பின் அவசரமாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். நீரிழிவு, உடல் பருமன், அதிக இரத்த இழப்பு ஆகியவையும் தாமதத்தை ஏற்படுத்தக்கூடும்.

அதுவரை குழந்தை பட்டினி கிடப்பதில்லை. முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தைக்குச் சில மில்லி லிட்டர் பாலே தேவைப்படுகிறது. அளவில் குறைவாக, மஞ்சள் நிறத்தில் வரும் சீம்பால் அதற்குப் போதுமானது. நோய் எதிர்ப்புப் பொருட்களும் அதில் மிகுந்துள்ளன.

செய்ய வேண்டியவை

முதுகுத்தண்டில் மயக்க ஊசி செலுத்தப்பட்டு அறுவை சிகிச்சை நடைபெறும்போது தாய் விழித்திருப்பார். தாயும் குழந்தையும் நலமாக இருப்பின், குழந்தையை உடனே தாயின் மார்பில் தோலோடு தோல் படும்படி கிடத்தி, ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்கலாம். முழு மயக்கம் அளிக்கப்பட்டிருந்தால், நினைவு தெளிந்து பாலூட்டும் நிலையை அடைந்தவுடன் தொடங்க வேண்டும்.

வயிற்றுத் தையலின் மீது குழந்தையின் எடை விழாதவாறு, தாய் ஒருக்களித்துப் படுத்துப் பாலூட்டலாம். அமர்ந்திருந்தால், குழந்தையின் உடலைத் தாயின் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் தாங்கிக் கொள்ளலாம். வலி பால் இறங்குவதைத் தடுக்கக்கூடும் என்பதால், மருத்துவர் பரிந்துரைக்கும் வலி நிவாரணியை அச்சமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவும் பகலுமாக ஒரு நாளில் 8 முதல் 12 முறை பாலூட்டுவது அவசியம். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாலோ, சப்ப இயலாமல் இருந்தாலோ, முதல் சில மணி நேரத்திலேயே கையால் பாலைப் பீய்ச்சத் தொடங்க வேண்டும். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் இரு புறமும் வைத்து, மார்பை நோக்கிப் பின்னால் அழுத்திப் பின்னர் விரல்களைச் சேர்த்து அழுத்தினால் சீம்பால் துளித்துளியாக வரும். அதனைக் கரண்டியிலோ பாலாடையிலோ சேகரித்துப் புகட்டலாம்.

மார்பிலிருந்து பால் எவ்வளவு வெளியேறுகிறதோ, அதற்கேற்பவே புதிய பால் உற்பத்தியாகிறது. தேவையின்றிப் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை சப்பும் நேரம் குறைகிறது; தற்காலிகத் தாமதம் உண்மையான பற்றாக்குறையாக மாறுகிறது. தேன், சர்க்கரை நீர் ஆகியவற்றையும் கொடுக்கலாகாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

அழுகை ஒன்றையே பால் போதாமைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. சிறுநீர், மலம், எடை ஆகியவையே நம்பகமான அளவுகோல்கள். முதல் நாளில் ஒரு முறை, இரண்டாம் நாளில் இரண்டு முறை எனச் சிறுநீர் கழித்தல் படிப்படியாக அதிகரித்து, ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் இருக்க வேண்டும். கரும்பச்சை மலம் நான்கைந்து நாட்களில் மஞ்சளாக மாற வேண்டும்.

பிறந்த குழந்தையின் எடை முதல் நாட்களில் சற்றுக் குறைவது இயல்பே. அக்குறைவு 10 சதவீதத்தை எட்டினாலோ, குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்காமல் சோர்ந்திருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் காமாலை அதிகரித்தாலோ உடனடியாக மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்நிலையில் கூடுதல் பாலை மறுப்பது ஆபத்தானது. தாயிடமிருந்து பீய்ச்சிய பால், அது போதாவிடில் தாய்ப்பால் வங்கியின் தானப் பால், அதுவும் கிடைக்காவிடில் மருத்துவர் அறிவுறுத்தும் பால் பவுடர் என்ற வரிசையில் அதனை அளிக்கலாம். நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

குழந்தைகளுக்கான பால் பவுடர், புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரிகள் வழங்குவதையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. தாய்ப்பாலூட்டலை ஊக்குவிக்க மத்திய அரசு 2016-இல் 'மா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது.

எனினும், அறுவை சிகிச்சை முடிந்து எழுந்து அமரவே சிரமப்படும் தாய் இவை அனைத்தையும் தனியாகச் செய்ய இயலாது. குழந்தையை எடுத்துக் கொடுப்பதும், தாயைச் சரியான நிலையில் அமர்த்துவதும், 'உனக்குப் பால் இல்லை' என்ற சொல்லைத் தவிர்ப்பதும் செவிலியர்கள் மற்றும் குடும்பத்தினரின் பொறுப்பாகும்.